எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் வாங்குவது?

என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. ராஜபாளையத்தில் நாலாம் வகுப்பு படிக்கிறான். போன மே விடுமுறைக்கு மதுரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு கனமான புத்தகம் வைத்திருந்தான். பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்தது. நூறு நீதிக்கதைகள், கெட்டி அட்டை, வழவழப்பான தாள். "வாசிச்சுக் காட்டுடா" என்றேன். முதல் வரியிலேயே 'போய்க்கொண்டிருந்தபோது' என்று ஒரு சொல். போ... ய்... க்... என்று ஆரம்பித்தான். 'கொ'வுக்கு வந்ததும் முன்னால் நிற்கும் கொம்பைப் பார்த்து 'கெ' என்றான். பின்னால் காலைப் பார்த்ததும் 'கா' என்றான். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். பதினொரு எழுத்துச் சொல் அது. அதைக் கடந்து முடிப்பதற்குள் காட்டு வழியே போனது யார் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

விடுமுறை முடிந்து அவனை ஊரில் கொண்டுபோய் விடும்போது ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். தூரத்தில் திரும்பிய பஸ்ஸைப் பார்த்து, "சித்தி, அது சங்கரன்கோவில் வண்டி" என்றான். போர்டில் இருந்த எட்டு எழுத்தையும் ஒரே பார்வையில் எடுத்துவிட்டான். எழுத்துக்கூட்டவே இல்லை. பஸ் என்றால் அவனுக்கு உயிர்.

இவனுக்கு வாசிக்க வராது என்று அதுவரை வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். எதைக் கொடுத்தால் வாசிப்பான் என்று யாரும் யோசிக்கவில்லை. "ஐந்நூறு ரூபா ஒதுக்கியிருக்கேன். எதை வாங்கட்டும், நீயே சொல்லுடி" என்று அக்கா கேட்டதிலிருந்து ஒரு வருடமாகப் பல வகைப் புத்தகங்களை அவனிடம் கொடுத்துப் பார்த்தேன். இல்லம் தேடிக் கல்வி மையத்தில் நான் தன்னார்வலராக இருந்தபோது பார்த்த பிள்ளைகளையும் மனத்தில் வைத்துத்தான் கீழே உள்ளதை எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்

பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறான் என்று தெரியாமல் புத்தகக் கடைக்குப் போகவேண்டாம். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை அளந்து 2005 முதல் வரும் ஏசர் அறிக்கைக்காக வீடு வீடாகப் போகிறவர்கள் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதில் தனி எழுத்துகள், சின்னச் சொற்கள், நாலு வரிப் பத்தி, எட்டுப் பத்து வரிக் கதை என்று நான்கு படிகள் இருக்கும். எந்தப் படிவரை தடுமாறாமல் வருகிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் இடம். வகுப்பு எண்ணை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தை வைத்து நீங்களே இதைச் செய்துபார்க்கலாம். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் 'பரீட்சை' என்று சொல்லாதீர்கள், பக்கத்தில் அண்ணன் தங்கையை உட்காரவைக்காதீர்கள்.

எங்கள் பையன் சொற்களைத் தாண்டிவிட்டான், பத்தியில் நின்றுவிட்டான். அதாவது எழுத்து தெரியும், சின்னச் சொல் வரும், நீளச் சொல்லில் மூச்சு வாங்கும். நாலு, ஐந்தாம் வகுப்பில் திணறும் பிள்ளைகளில் நான் அதிகம் பார்த்தது இந்த இடத்தில் நிற்பவர்களைத்தான். இந்தக் கட்டுரையும் அவர்களுக்கானது. எழுத்தே பிடிபடாத பிள்ளைக்குப் புத்தகம் பிறகு, முதலில் எழுத்து.

கண் பரிசோதனையையும் முதலில் முடித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாமலே ஒரு வருடம் ஓட்டிய பிள்ளையை எனக்குத் தெரியும்.

கெட்டி அட்டை நீதிக்கதைத் தொகுப்பு

உறவினர்கள் அதிகம் வாங்கித் தருவது இதைத்தான். தெனாலிராமன், பஞ்சதந்திரம், விக்கிரமாதித்தன் என்று எல்லாம் ஒரே கட்டில். விலைக்கு நிறையப் பக்கம் கிடைக்கிறது. திணறும் பிள்ளைக்கு அந்தக் கனம்தான் முதல் எதிரி. இருநூறு பக்கப் புத்தகத்தில் மூன்று பக்கம் வாசித்தவன் மூன்று பக்கம் வாசித்தேன் என்று நினைப்பதில்லை, இன்னும் நூற்றுத் தொண்ணூற்றேழு பாக்கி என்றுதான் நினைப்பான். மொழியும் இலகுவாக இருக்காது. 'அவ்வாறே செய்வதாக வாக்களித்தான்' என்று வீட்டில் யார் பேசுகிறார்கள்?

கதைகள் நல்ல கதைகள்தான். ராத்திரி படுக்கும்போது நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள், எழுத்துத் தமிழ் காதில் விழுந்து பழகும். அவன் கையில் கொடுத்து வாசி என்று சொல்ல இது சரிப்படாது.

படிநிலைக் கதைப் புத்தகங்கள்

பதினாறு, இருபது பக்கம், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி, பாதிக்கு மேல் படம். எனக்கு அதிகம் பலன் தந்தது இந்த வகை. ஆனால் எல்லாப் படிநிலைப் புத்தகமும் ஒன்றல்ல.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் காசே வேண்டாம். 2023இல் பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் பள்ளிக்கு வந்திருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. இந்தப் பெயர்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். 'இரண்டாம் நிலை' என்று அட்டையில் போட்டால் நாலாம் வகுப்புப் பையன் அதை ஒளித்துவைப்பான், 'நட' என்று போட்டால் எடுத்துக்கொள்வான். கதைகளும் நம் ஊர்ப் பிள்ளைகள் பேசுகிற மாதிரி இருக்கின்றன. வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு வீட்டுக்கு ஒன்றிரண்டு வாங்கி வாருங்கள். பீரோவில் பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். அவை பிள்ளைகளுக்காக அச்சடித்தவை.

அடுத்தது பிரதம் புக்ஸ். அவர்கள் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளமாக இருக்கின்றன. எல்லாமே இலவசம், பொது உரிமத்தில் இருப்பதால் இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்து நடுவில் ஊசி நூலால் தைத்துக் கொடுத்தேன். படங்களுக்கு அவனே வண்ணம் அடித்தான். அட்டையில் அவன் பெயரையும் எழுதிக்கொண்டான். கடையில் வாங்கிய எந்தப் புத்தகத்தையும் அவன் அப்படிச் சொந்தம் கொண்டாடியதில்லை.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. ஸ்டோரிவீவரிலும் நான்கு படிகள் உண்டு. முதல் படிக்குச் சுமார் ஐம்பது சொல், இரண்டாவதற்கு இருநூற்றைம்பது வரை என்று பெரும்பாலும் சொற்களின் எண்ணிக்கையை வைத்து அந்த வரிசை ஓடுகிறது. தமிழில் அந்தக் கணக்கு மட்டும் போதாது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ நாலைந்து சொல்லில் வருவது தமிழில் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். சொல் எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு சொல்லும் நீளும். முதல் படி என்று நம்பி இறக்கினால் உள்ளே 'ஒளிந்துகொண்டிருக்கிறாயா' என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கும். மொழிபெயர்ப்பை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால் சில கதைகளின் தமிழ் விறைப்பாகவும் இருக்கிறது. அச்செடுக்கும் முன் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். உங்கள் நாக்கு தடுக்கும் இடத்தில் அவன் நாக்கும் தடுக்கும்.

நான் கடையில் நின்று பார்க்கும் முறை இது: நடுப்பக்கத்தைத் திறப்பேன். ஏழு எழுத்துக்கு மேல் நீளும் சொற்களை எண்ணுவேன். ஒரு பக்கத்தில் மூன்றைத் தாண்டினால் இவனுக்கு இப்போது வேண்டாம் என்று வைத்துவிடுவேன். ஒரு பக்கத்தில் ஐந்து சொல் தெரியாவிட்டால் புத்தகம் கடினம் என்று ஐந்து விரலை மடக்கிப் பார்க்கும் வழக்கம் ஆங்கிலப் புத்தகங்களுக்கு உண்டு. அங்கே தெரியாத சொல்தான் தடை. நம் பிள்ளைக்கு அர்த்தம் தெரிந்த சொல்லே நீளத்தால் தடையாகிறது. அதோடு கொ, கோ, பொ, போ என்று இரண்டு பக்கமும் குறி நிற்கும் எழுத்துகள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்றும் பார்ப்பேன். ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று சின்ன அச்சில் எனக்கே சில நேரம் உற்றுப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இன்னொரு பொறி வயது. முதல் தடவை நான் வாங்கிக் கொடுத்தது பெரிய எழுத்து, வரிக்கு மூன்று சொல். எல்லாம் சரியாக இருந்தது. கதை ஒரு குட்டி வாத்து அம்மாவைத் தேடுவது. இரண்டு பக்கம் வாசித்துவிட்டு, "இது பாப்பா புக் சித்தி. நான் நாலாப்பு" என்று மூடிவைத்தான். அவனுக்கு வாசிக்கும் வயது ஆறு, மனத்தின் வயது ஒன்பது. ஒன்பது வயதுக்கான விஷயத்தை ஆறு வயது வாக்கியத்தில் தருகிற புத்தகம் வேண்டும். திருட்டு மாங்காய், பேய் வீடு, கிணற்றில் விழுந்த செருப்பு, ஆசிரியரிடம் மாட்டிக்கொள்வது மாதிரியான கதைகள். ஸ்காட்லாந்தில் பாரிங்டன் ஸ்டோக் என்ற பதிப்பகம் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காகவே இப்படிப் புத்தகம் போடுகிறது. கண்ணை உறுத்தாத மங்கல் நிறத் தாள், தனி எழுத்துரு, அகலமான இடைவெளி, ஆனால் கதை அந்த வயதுக்கே உரிய கதை. தமிழில் இதற்கென்றே இயங்கும் ஒரு பதிப்பகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பன்னிரண்டு வயதில் இரண்டாம் வகுப்பு வாசிப்பில் நிற்கும் பிள்ளைக்கு நம் கடைகளில் தேடித் தேடித்தான் எடுக்கவேண்டும். தமிழ்ப் பதிப்பாளர்கள் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து இந்த இடத்தை நிரப்புங்கள். வாங்கக் காத்திருக்கும் வீடுகள் ஏராளம்.

அதுவரை, சென்னையின் தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வரிசை இவற்றிலிருந்து பொறுக்கி எடுக்கலாம். தூலிகாவில் படங்கள் அழகு, ஒரு புத்தகத்தின் விலை மற்றவற்றைவிடச் சற்று அதிகம். நேஷனல் புக் டிரஸ்ட் சிறுவர் நூல்கள் மலிவு, ஆனால் சிலவற்றில் ஒரு பக்கத்துக்கு வரிகள் அதிகம். பாரதி புத்தகாலயத்தின் சின்னப் புத்தகங்களை ஐந்நூறு ரூபாய்க்குக் கை நிறைய அள்ளலாம், தாளும் படமும் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்ளவேண்டும். புத்தகக் காட்சியில் வழக்கமாகப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. மதுரைக்காரர்கள் தமுக்கத்துக்குப் பிள்ளையையும் அழைத்துப் போங்கள், எடுக்கிற வேலையை அவனிடமே விடுங்கள்.

காமிக்ஸ்

'காமிக்ஸ் கொடுங்க, தானா வாசிப்பான்' என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லோரும் நாற்பது வயதைத் தாண்டிய ஆண்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1972இல் முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ் என்று சிவகாசியிலிருந்து வந்த புத்தகங்களுக்காக வாடகை நூலக வாசலில் நின்ற தலைமுறை அது. படம் கதையை இழுத்துக்கொண்டு போகும், வசனம் எழுதிய ஒரு பலூனில் இரண்டு வரிக்கு மேல் இருக்காது, ஒரு சொல் புரியாவிட்டாலும் துப்பாக்கி எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று பார்த்துப் பக்கத்தைத் திருப்பலாம். அதைவிடப் பெரிய லாபம், காமிக்ஸ் வாசிக்கிறவனை யாரும் பாப்பா என்று சொல்லமாட்டார்கள்.

இவனிடம் கொடுத்தபோதுதான் ஒரு சிக்கலைக் கவனித்தேன். பலூன் குறுகலாக இருப்பதால் தமிழ்ச் சொல்லைப் பாதியில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகிறார்கள். நடுவில் கோடு போடும் வழக்கமும் நமக்கு இல்லை. 'எச்சரிக்' ஒரு வரி, 'கிறேன்' அடுத்த வரி. சரளமாக வாசிக்கிறவன் கண் அதைத் தானாக ஒட்டிவிடும். எழுத்துக்கூட்டுகிறவன் 'எச்சரிக்' என்று ஒரு சொல் இருப்பதாகவே நம்பி அங்கேயே நிற்கிறான். எழுத்தும் சின்னது. கதையில் வரும் ஊர்ப்பெயர், ஆள்பெயர் எல்லாம் அமெரிக்க மேற்கு, ஐரோப்பா. தமிழ் எழுத்தில் 'க' எங்கே க, எங்கே ஹ என்று பழக்கத்தால்தான் தெரியும். புதிய வெளிநாட்டுப் பெயரில் அந்தப் பழக்கமும் கைகொடுக்காது. இன்று வரும் காமிக்ஸ் பெரும்பாலும் அந்தப் பழைய வாசகர்களுக்காகவே, அவர்கள் விரும்பும் தடிமனிலும் விலையிலும் வருகிறது.

அதனால் என் கருத்து: பத்தியில் திணறும் பிள்ளைக்குக் காமிக்ஸ் முதல் புத்தகம் அல்ல, அடுத்தது. படிநிலைக் கதைகளில் இரண்டு மாதம் ஓடியபின் கொடுங்கள். நகைச்சுவை காமிக்ஸாகத் தேர்ந்தெடுங்கள், துப்பறியும் கதையில் வசனம் அதிகம். முதல் பத்துப் பக்கத்தை நீங்கள் ஒரு பாத்திரம், அவன் ஒரு பாத்திரம் என்று பேசி வாசியுங்கள். நான் வில்லனுக்குக் குரல் கொடுத்தேன். என் சிரிப்பு சரியில்லை என்று ஒரே பக்கத்தை மூன்று தடவை வாசிக்கவைத்தான். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போதுதான் வேகம் ஏறுகிறது. சாதாரணக் கதையில் 'இன்னொரு தடவை வாசி' என்று சொன்னால் அது தண்டனை. இங்கே அவனே கேட்டான்.

விடுகதையும் சிறுவர் இதழும்

எனக்கு எதிர்பாராத பலன் கிடைத்தது விடுகதைப் புத்தகத்தில். சின்ன விலை, மட்டமான தாள், படமே இல்லை. ஆனால் ஒரு விடுகதை ஒரே மூச்சில் முடிகிறது. 'அம்மா படுத்திருப்பாள், மகள் ஓடித் திரிவாள்.' ஐந்து சொல்தான். விடை அம்மி குழவி என்று கண்டுபிடிக்கும் ஆர்வத்தில் அந்த ஐந்து சொல்லையும் அவன் ஆறு தடவை பார்த்துவிடுவான். அதோடு விடை அவன் கையில் இருக்கிறது. வீட்டில் எப்போதும் கேள்வி கேட்கப்படுகிற பிள்ளை முதல்முறையாகக் கேள்வி கேட்கிற இடத்துக்கு வருகிறான். அந்த மாற்றத்தை அவன் முகத்தில் பார்க்கவேண்டும்.

'யார் தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை', 'ஓடுற நரியில ஒரு நரி கிழநரி' மாதிரி நாப்பழக்க வரிகளையும் அட்டையில் குண்டு குண்டாக எழுதிக் கொடுக்கலாம். ற, ர, ழ மூன்றும் ஒரே வரியில் சிரிப்போடு பழகும். பேச்சுத் தமிழில் இருப்பதால் வாசித்ததும் சட்டென்று புரிகிறது. 'வந்துட்டான்' என்று பேசிக்கொண்டே 'வந்துவிட்டான்' என்று வாசிக்கவேண்டிய பாரம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. உரையாடலைப் பேசுகிறபடியே எழுதிய புத்தகத்தைப் பார்த்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், மொழி கெட்டுவிடாது.

இதழ்களில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் தேன்சிட்டும் பள்ளிக்கே வருகின்றன. ஊஞ்சல் நாலு, ஐந்தாம் வகுப்புக்கு, தேன்சிட்டு அதற்கு மேல். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் 1987 முதல் வருகிறது, செய்துபார்க்கும் சோதனைகள் அதன் பலம். கட்டுரைகள் இந்தப் பிள்ளைக்கு நீளம், சோதனைப் பக்கத்தை மட்டும் கொடுங்கள். நாளிதழோடு வரும் சிறுவர் இணைப்புகளில் ஆறு வித்தியாசம், கடி ஜோக், புள்ளிகளை இணைத்தல் எல்லாம் இருக்கும். வாரம் ஒருமுறை புதிதாக வரும், கிழிக்கலாம், கிறுக்கலாம். புத்தகம் என்றாலே பயப்படுகிற பிள்ளைக்கு இது நல்ல வாசல்.

பழைய அம்புலிமாமாவை ஆசையோடு எடுத்துத் தருகிற தாத்தாக்களுக்கு ஒரு வார்த்தை. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய இதழ்கள் என்றால் அதில் ணை, லை, னை எல்லாம் துதிக்கை போட்ட பழைய வடிவம். றா, னா, ணாவும் சுழித்த வடிவம். ஏற்கெனவே கொம்போடு போராடுகிறவனுக்குப் புது எழுத்து ஏழெட்டு சேர்ந்துவிடும். அதை நீங்களே வாசித்துச் சொல்லுங்கள் தாத்தா, அவன் படம் பார்க்கட்டும்.

அவனுக்குப் பிடித்த பொருள்

பஸ் பைத்தியத்துக்கு ஏற்ற தமிழ்ப் புத்தகம் தேடினேன், கிடைக்கவில்லை. அதனால் நாங்களே ஒன்று செய்தோம். பழைய டயரியில் பக்கத்துக்கு ஒரு பஸ் படம், கீழே அவன் சொல்லச் சொல்ல நான் எழுதிய இரண்டு வரி. 'இது தென்காசி வண்டி. டிரைவர் மாமா ஹாரன் அடிக்கிறார்.' அவன் வாயிலிருந்து வந்த வரி என்பதால் வாசிக்கும்போது தடுமாற்றம் பாதியாகக் குறைந்தது. இதற்குச் செலவு இல்லை, ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரவேண்டும். வேலைக்குப் போய்த் திரும்பும் என் அக்காவுக்குத் தினமும் அது முடியாது. ஞாயிற்றுக்கிழமை முடியும், செய்கிறாள்.

பாம்பு, டைனோசர், கிரிக்கெட், விண்வெளி என்று வேறு பைத்தியம் உள்ள பிள்ளைகளுக்குப் புத்தகம் கிடைக்கும். தகவல் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம் என்பது பெரிய வசதி. படத்துக்குக் கீழே இருக்கும் ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டுப் போனாலும் வாசித்ததுதான்.

போனில் வாசிப்பது

புதுச்சேரியைச் சேர்ந்த புக்பாக்ஸ் தமிழிலும் கதை வீடியோக்கள் வெளியிடுகிறது. கதையைச் சொல்லச் சொல்லக் கீழே அதே சொல் நிறம் மாறும். காது கேட்பதைக் கண் தொடர்ந்து போகும். இதற்குப் பின்னால் பிரிஜ் கோத்தாரி பல ஆண்டு நடத்திய, சினிமாப் பாட்டுக்கு அதே மொழியில் வரி ஓடவிடும் முயற்சி இருக்கிறது. சினிமாப் பாட்டு விஷயத்தை வீட்டிலும் செய்யலாம். அவனுக்கு மனப்பாடமான பாட்டின் வரிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் விரலை வைத்துக்கொண்டே பாடுவான்.

ஆனாலும் காசும் நேரமும் ஒன்றில்தான் போடமுடியும் என்றால் நான் தாள் புத்தகத்தில்தான் போடுவேன். போனில் ஒரு கதை முடிந்ததும் அடுத்து என்ன வரும் என்பது நம் கையில் இல்லை. எங்கள் வீட்டில் மூன்றாவது கதை வருவதற்குள் அது லாரி வீடியோவாக மாறிவிட்டது. பெரியவர் பக்கத்தில் இருந்தால் பத்து நிமிடம், இல்லாவிட்டால் வேண்டாம்.

இரு மொழிப் புத்தகம் பற்றி ஒன்று மட்டும். மேலே ஆங்கிலம், கீழே தமிழ் என்று ஒரே பக்கத்தில் இருந்தால் திணறும் பிள்ளைக்குப் பக்கம் நெருக்கடியாகிவிடுகிறது. தெரிந்த மொழியில் சரளம் வரட்டும், அதற்குப் பிறகு அடுத்தது. இங்கிலீஷ் மீடியத்தில் படிப்பதால் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலக் கதையை வாங்குவதும் வேண்டாம். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்குத் தமிழ்ச் சொல்லை வாசித்ததும் அர்த்தம் தானாக வந்து நிற்கும். அந்த உதவியை ஆங்கிலம் தராது.

ஐந்நூறு ரூபாயில்

அக்காவுக்கு நான் சொன்ன கணக்கு இதுதான். முந்நூறு ரூபாய்க்குச் சின்னக் கதைப் புத்தகங்கள், ஒவ்வொன்றும் ஒரே உட்காரலில் முடிகிற அளவு. ஒரு விடுகதைப் புத்தகம். மிச்சத்துக்கு ஸ்டோரிவீவர் கதைகள் ஜெராக்ஸ். காமிக்ஸை நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அவன் வரும்போதெல்லாம் அழைத்துப் போகிறேன். அங்கே அவன் எடுத்துப் பிடிக்காமல் திருப்பி வைக்கும் ஒவ்வொரு புத்தகமும் நாங்கள் வாங்காமல் தப்பித்த புத்தகம். கிளை நூலகம் பக்கத்தில் இருந்தால் அங்கும் சேர்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கையில் கொடுக்கவேண்டாம். வாரத்துக்கு ஒன்று. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விட அவனுக்கு உரிமை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாசித்து முடித்ததும் 'கதையின் நீதி என்ன' என்று கேட்காதீர்கள்.

ஆறேழு மாதம் இப்படி விடாமல் செய்தும் எழுத்துகள் இடம் மாறித் தெரிவது, நேற்று வாசித்த சொல் இன்று புதிதாகத் தெரிவது, வாயால் அழகாகச் சொல்பவன் எழுதும்போது முற்றிலும் குலைந்துபோவது எல்லாம் தொடர்ந்தால், புத்தகத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்கவேண்டும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்காகவே பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் சேர்ந்திருப்பதால் பள்ளியில் உதவி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சோம்பேறி என்று அந்தப் பிள்ளையை இதுவரை திட்டியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

எங்கள் பையனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இப்போது பத்தியைத் தாண்டிவிட்டான், கதையில் இன்னும் நின்று நின்றுதான் போகிறான். போன வாரம் ராத்திரி எட்டு மணிக்கு என் அம்மாவுக்கு, அதாவது அவன் அம்மாச்சிக்கு, போன் செய்தான். ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பார்த்து மெதுவாக வாசித்தான். "அடி... மலர்ந்து... நுனி மலராத பூ... என்ன பூ?" அம்மா வாழ்நாள் முழுக்க வாழைப்பூ ஆய்ந்தவள். தெரியவில்லையே என்று சொன்னாள். "நல்லா யோசி அம்மாச்சி, நாளைக்குக் கேப்பேன்" என்று போனை வைத்துவிட்டான்.